துரையின் தொப்பியும் என் முதுகும்

ரப்பர்த் தோட்டத்தில், நம் பேச்சில் தீம்பாரில், பிறந்து, இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற கூட்டாளிகளுக்கு இதைச் சொல்கிறேன். நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. பள்ளிக்கூடம் போகாமல் இல்லை. போன நாளில் பாதி நாள் சிலேட்டில் எழுதாமல் அதைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

போன வாரம் பாசிர் கூடாங்கில் மகன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைத் தூக்கிப் போட்டாள்.

"தாத்தா, இன்னைக்கு நர்ஸ் வந்து எங்க முதுகெல்லாம் பார்த்தாங்க."

"முதுகுல என்னத்தப் பார்த்தாங்க?"

"நேரா இருக்கான்னு. குனியச் சொன்னாங்க, பார்த்தாங்க, போன்னுட்டாங்க. வலிக்கவே இல்ல லா."

"வளைஞ்சிருந்தா?"

"வீட்டுக்குச் சொல்லுவாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. வேற என்ன?"

வேற என்ன என்று கேட்டுவிட்டு அவள் பிஸ்கட் டின்னைத் தேடிப் போய்விட்டாள். வேறு என்ன என்று எனக்குத் தெரியும். உங்களில் சிலருக்கும் தெரிந்திருக்கும்.

அப்போது நாங்கள் பெக்கோக் பக்கம் ஒரு தீம்பாரில் இருந்தோம். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். மரம் பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பாலை வாங்கத்தான் உலகத்தில் ஆள் இல்லை என்றார்கள். ஆள் குறைக்க ஆரம்பித்தார்கள். முதலில் இருமல்காரர்கள், அப்புறம் கண் மங்கினவர்கள், அப்புறம் கங்காணிக்குப் பிடிக்காதவர்கள். பெக்கோக் ஸ்டேஷனில் ரயில் ஏற்றுவார்கள். ரயில் கப்பலில் கொண்டுபோய் விடும். கப்பல் கடல் தாண்டி நாகப்பட்டினத்தில் கொட்டிவிட்டு வரும். பக்கத்து வீட்டுப் பெரியப்பா குடும்பம் அப்படித்தான் போனது. பெரியம்மா கைக்குழந்தையாக இங்கே வந்தவள். நாகப்பட்டினத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடப்பது என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மாவுக்கும் தெரியவில்லை.

போகும்போது சேவலை எங்களிடம் விட்டுப் போனாள். செம்பட்டைச் சேவல், ஒரு கண்ணில் பூ விழுந்தது. எங்கள் வீட்டில் தீனி தின்னும். பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டுப் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் ஒடுங்கிக்கொள்ளும். அப்பா அதை அறுக்கலாம் என்று இரண்டு தடவை சொன்னார். அம்மா விடவில்லை.

இப்போது என் முதுகுக்கு வருகிறேன்.

எனக்கு வலது தோள் உயரம். இன்றைக்கும் அப்படித்தான். சட்டை போட்டால் ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் தொங்கும். வலது பக்கத்துத் தோள்பட்டைச் சப்பை எலும்பு, கோழி இறக்கையை விரிக்கப் போகிற மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் எண்ணெய் தேய்த்து விடும்போது முதுகு நேராகத்தான் இருந்தது என்று அம்மா சத்தியம் செய்வாள். நான் மளமளவென்று வளர ஆரம்பித்த வருஷத்தில்தான் அது தன் பாட்டுக்கு வளைந்தது. வலி கிடையாது. ஓடுவேன், மரம் ஏறுவேன், ஆற்றில் நீந்துவேன். எனக்கு அது ஒரு விஷயமே இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் விஷயம்.

ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். வாத்தியார் சொன்னார், நான் உட்காருகிற லட்சணம்தான் காரணம் என்று. சீனன் கடைச் சாமான் பெட்டியை உடைத்துச் செய்த பெஞ்சு அது. பலகையில் இன்னும் சீன எழுத்து இருக்கும், உட்கார்ந்தால் ஆடும், ஆணி குத்தும். ஆணி இல்லாத பக்கமாக எல்லாப் பையன்களும் சாய்ந்துதான் உட்காருவோம். மற்றவர்கள் எழுந்தால் நேராகிவிடுவார்கள், நான் ஆகவில்லை. அதனால் சிலேட்டைத் தலையில் வைத்து மூலையில் நிற்கச் சொன்னார். விழுந்தால் பிரம்பு. அந்தச் சிலேட்டுக்கு மரச் சட்டம் ஒரு பக்கம் போய்விட்டது; தலையில் வைத்தால் அந்த முனை அறுக்கும். அவர் கெட்டவர் இல்லை. என்னை நேராக்கிக்கொண்டிருக்கிறோம் என்று மனதார நம்பினார்.

அப்பா சோம்பேறித்தனம் என்றார். "ஆம்பளப் புள்ள இப்படியா சரிஞ்சு நிக்கிறது? நிமிரு" என்பார். சொல்லிவிட்டு, நான் படுக்கிற பாயை எடுத்துவிட்டுப் பலகை போட்டார். தீம்பாரில் கடை வைத்திருந்த ராவுத்தர் காக்கா, நான் உப்பு வாங்கப் போனால் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

"வாடா பாராங் கத்தி. தீட்டித் தீட்டி உன்னை வளைச்சுட்டாங்களா?"

"உங்க தராசும்தான் காக்கா ஒரு பக்கம் சாயுது."

"அலமாக், வாயி மட்டும் நேரா இருக்கு பாரு" என்று சொல்லி, கையில் ஒரு துண்டு வெல்லம் வைப்பார்.

அந்த நேரத்தில்தான் கங்காணி நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து ஒரு செய்தி சொன்னார். வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் வருகிறாராம். பள்ளிக்கூடத்தில் பெரிய பிள்ளைகளின் முதுகைப் பார்ப்பாராம். பள்ளியை விட்டு வேலைக்குப் பேர் போடுகிற வயதுப் பிள்ளைகள். முதுகு நேராக இருந்தால் பேர் போடுவார்கள். வளைந்திருந்தால், பால் வாளி தூக்க லாயக்கில்லை. லாயக்கில்லாத வாய்க்குச் சோறு போட இது சத்திரம் இல்லை, குடும்பத்தோடு கப்பல்தான். சொல்லிவிட்டு என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் அப்பாவுக்கும் அவருக்கும் பழைய கசப்பு ஒன்று இருந்தது. அவர் வீட்டு விசேஷப் பந்தலில் அப்பா உட்கார்ந்து சாப்பிடாமல் வந்ததோ என்னவோ, சரியாக நினைவில்லை.

டாக்டர் உண்மையில் எதற்கு வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பெஞ்சு பிள்ளைகளின் முதுகைக் கெடுக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தார் என்று வெகு காலம் கழித்து ஒருவர் சொன்னார். இருக்கலாம். கங்காணி கையில் அது கப்பலாக மாறிவிட்டது.

அம்மா தீம்பார் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸ்சரிடம் போய்க் கேட்டாள். நானும் கூட நின்றேன்.

"ஊசி போடுவாங்களா ஐயா?"

"ஊசி இல்லம்மா. மருந்து இல்ல, கத்தி இல்ல. தொடக்கூட மாட்டாரு. சும்மா பார்ப்பாரு."

"சும்மா பார்க்கிறதுதான் பயமா இருக்கு. ஊசின்னா ஒரு மூச்சுல முடிஞ்சுரும்."

அன்றைக்கே அம்மா என்னை வீட்டுக்குப் பின்னால் நிற்க வைத்தாள். அம்மா புல் வெட்டுகிற வேலைக்காரி. கண்ணால் பார்த்தே வரிசை கோணுகிறதா என்று சொல்லிவிடுவாள். என்னை முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், இடது காலுக்குக் கீழே ஒரு சிரட்டைத் துண்டை வைத்துப் பார்த்தாள், எடுத்துப் போட்டாள். கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

"கையக் கட்டாதே."

"துரை வருவாருல்ல?"

"வரட்டும். கையக் கட்டினா சப்பை எலும்பு வெளிய தள்ளுது. கையைத் தொங்கப் போட்டு, நெஞ்ச நிமித்தி, எதிர்ல பார்த்தா ஒண்ணும் தெரியல. அப்படியே நில்லு."

இது எவ்வளவு பெரிய பேச்சு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் அப்படி வளர்ந்தவர்கள்தான். துரை வந்தால் பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்க வேண்டும். கையைக் கட்ட வேண்டும், தோளைக் குறுக்க வேண்டும், தரையைப் பார்க்க வேண்டும். பேசி முடித்தால் முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து வர வேண்டும். சோறு தின்னப் பழகுவதற்கு முன்னால் இதைப் பழக்குவார்கள். கை தானாகக் கட்டிக்கொள்ளும். கையைக் கட்டாமல் நிற்க நான் எத்தனை நாள் பழகினேன் தெரியுமா? சேவலைத் துரையாக வைத்துப் பழகினேன். அது வந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதைப் பார்ப்பேன். தங்கச்சி சிரித்துச் சிரித்துப் புரை ஏறிப்போவாள். வாத்தியாருடைய சிலேட்டும் அப்போதுதான் உதவியது. அதைத் தலையில் வைத்துப் பழகின கழுத்து ஆடாமல் நின்றது.

அப்பா இதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கோபப்பட்டார். "துரை முன்னால கையக் கட்டாம நின்னா முதுகு நேரா இருந்தாலும் கப்பல்தான்." அம்மா பாட்டுக்குப் பாத்திரத்தைக் கழுவினாள்.

டாக்டர் வந்த அன்று பெரிய மழை பெய்து விட்டிருந்தது. பள்ளிக்கூடக் கொட்டகையின் அத்தாப்பு ஓலைக் கூரை சொட்டிக்கொண்டிருந்தது. பெண்பிள்ளைகளைக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார்கள். எங்களைச் சட்டையைக் கழற்றி வரிசையாக நிற்கச் சொன்னார்கள். வேலை முடித்த பெற்றவர்கள் வேலிக்கு வெளியே. அவர்கள் கை, காலெல்லாம் பால் காய்ந்து, அந்தப் புளித்த வாடை கொட்டகைக்குள் வரைக்கும் வந்தது. அந்த வாடை வந்தால்தான் எனக்கு இன்றைக்கும் வீடு என்று தோன்றும். மருமகள் மூக்கைப் பிடிப்பாள், எழுதிக்கொள்ளட்டும்.

டாக்டர் மெலிந்த மனிதர், வியர்த்து ஊற்றியது. அவரிடம் ஒரு வெள்ளை நூல், நூல் நுனியில் மீன் வலையில் கட்டுகிற ஈயக் குண்டு. அவ்வளவுதான் சாமான். நூலைப் பையன் கழுத்துக்குப் பின்னால் பிடித்துத் தொங்க விடுவார். நூல் நேராக நிற்கும். முதுகெலும்பு அதோடு சேர்ந்து போகிறதா, விலகிப் போகிறதா என்று பார்ப்பார். பக்கத்தில் நாற்காலி போட்டு எங்கள் துரை. அவருக்குப் பின்னால் கங்காணி. டாக்டர் பேச்சைத் தமிழில் சொல்ல டிரஸ்சர்.

"சும்மா எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்க" என்றார் டிரஸ்சர்.

துரை முன்னால் எப்போதும் நிற்கிற மாதிரி நின்றார்கள். எல்லாரும் கையைக் கட்டி, தோளைக் குறுக்கி, தலையைத் தொங்கப் போட்டு. டாக்டர் முதல் பையனுக்கு நூலைப் பிடித்தார். நூல் காற்றில் தொங்கியது, முதுகு எங்கேயோ இருந்தது. அடுத்தவன், அப்படியே. அதற்கு அடுத்தவன், அப்படியே. டாக்டர் துரையிடம் ஏதோ கேட்டார். துரை தோளைத் தூக்கினார்.

"நிமிந்து நில்லுங்கடா" என்று டிரஸ்சர் குரலை உயர்த்தினார். குரல் உயர்ந்ததும் பையன்கள் இன்னும் குனிந்தார்கள். வேலிக்கு வெளியே தாய்மார்களுக்கு ஒரே பெருமை. "எம் புள்ள எம்புட்டு மரியாதையா நிக்குது பாரு" என்று ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்டது.

டாக்டருக்கு ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். துரையைக் கொஞ்சம் வெளியே போய் நிற்கச் சொன்னார். துரை சிரித்துக்கொண்டே எழுந்து, கொட்டகைக்குப் பின்னால் சுருட்டுப் பிடிக்கப் போனார். ஆனால் தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். டாக்டர் மறுபடியும் நூலைப் பிடித்தார். பையன்கள் தொப்பிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார்கள்.

இதைச் சொன்னால் என் மகன் நம்ப மாட்டான், அவன் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ்ஸில் போய் வருகிறவன். நீங்கள் நம்புவீர்கள்.

என் முறை வந்தது. கை தானாக மேலே வந்தது. அதைக் கீழே இழுத்துப் போட்டேன். நெஞ்சை நிமிர்த்தினேன். எதிரில் பார்த்தேன், எதிரில் கங்காணி மூஞ்சி.

"கையக் கட்டுடா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் கட்டவில்லை.

"டேய், உன்னத்தான்."

டாக்டர் கங்காணியைப் பார்த்துக் கையை அசைத்தார். டிரஸ்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவனை விடச் சொல்றாரு. வந்ததிலேருந்து நிக்கத் தெரிஞ்ச புள்ளைய இப்பத்தான் பார்க்கிறாராம்" என்றார். நூல் என் கழுத்துக்குப் பின்னால் தொங்கியது. ஈயக் குண்டு இடுப்பில் பட்டது, சில்லென்று இருந்தது. டாக்டர் சரி என்று தலையை ஆட்டினார். திரும்பி அடுத்தவனைக் கூப்பிடப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது கங்காணி என் வலது தோளைக் காட்டி டிரஸ்சர் காதில் ஏதோ சொன்னார். டிரஸ்சர் சங்கடத்தோடு டாக்டரிடம் சொன்னார். டாக்டர் திரும்பி வந்தார்.

"முன்னால குனி தம்பி. கையத் தொங்கப் போட்டு, மெதுவா."

இதற்கு நாங்கள் பழகவில்லை. குனிந்தால் என்ன தெரியும் என்று அம்மாவுக்கும் தெரியாது. குனிந்தேன். எனக்கு என் கால் விரலும் மண்ணும்தான் தெரிந்தது. ஒரு விரல் மட்டும் என் முதுகெலும்பில் மெல்ல இறங்கியது, பாதியில் ஒரு பக்கமாகத் திரும்பிப் போனது. குனிந்தால் வலது பக்கம் மேடாக எழும்பும் என்று அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். கூரை சொட்டுவது கேட்டது.

"நான் சொன்னேன்ல" என்றார் கங்காணி. துரை சுருட்டோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். "துரை, இந்த வீட்டையும் இந்தத் தடவை கப்பலுக்குச் சேர்த்துடலாம்."

நான் குனிந்தபடியே இருந்தேன். யாரும் நிமிரச் சொல்லவில்லை. காலுக்கு நடுவே தலைகீழாக வேலி தெரிந்தது. வேலியைத் தாண்டி அப்பா உள்ளே வருவது தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டுதான் வந்தார். அந்தக் கொட்டகைக்குள் கூப்பிடாமல் ஒரு தொழிலாளி நுழைந்து நான் பார்த்ததில்லை. துரைக்கு முன்னால் வந்து நின்றார். கட்டின கையைப் பிரித்தார். பால் காய்ந்து விறைத்துப்போன அந்தச் சட்டையைக் கழற்றினார். அப்புறம் திரும்பினார். துரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பக்கத்தில் குனிந்தார்.

கங்காணி ஓர் எட்டு முன்னால் வந்து, "துரைக்கு முதுகக் காட்டுறியா நீ?" என்றார்.

"முதுகு பார்க்கத்தானே வந்திருக்காங்க, பார்க்கட்டும்" என்றார் அப்பா. குனிந்த வாக்கில் டிரஸ்சரைக் கூப்பிட்டார். "ஐயா, அந்த நூல எனக்கும் புடிக்கச் சொல்லுங்க."

டாக்டர் வந்தார். அப்பா முதுகை நானும் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. வாளி தூக்குகிற காண்டாக் கம்பு உட்கார்ந்து உட்கார்ந்து, நுகம் பூட்டின மாட்டுக்கு ஏறுகிற மாதிரி ஒரு தோளில் தடிப்பு ஏறியிருந்தது. அந்தப் பக்கம் கீழே இறங்கி, எலும்பு மறுபக்கம் ஒதுங்கிப் போயிருந்தது.

"சொல்லுங்க ஐயா, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. இவன் முதுகு சாமி வளைச்சது. என் முதுகு இந்தத் தீம்பாரு வாளி வளைச்சது. ரெண்டுல எதக் கப்பல் ஏத்தணும்னு துரையச் சொல்லச் சொல்லுங்க. அதோ வெளிய நிக்கிறாங்களே, அவங்க முதுகையும் பார்க்கச் சொல்லுங்க. வளைஞ்சதெல்லாம் ஏறணும்னா கப்பல்ல இடம் இருக்காது, இங்க பாலுக்கு மரம் வெட்ட ஆளு இருக்காது."

டிரஸ்சர் வெகு நேரம் பேசினார். அப்படியே சொன்னாரா, பதமாகச் சொன்னாரா, அவருக்குத்தான் வெளிச்சம். டாக்டர் நூலைச் சுருட்டிக்கொண்டே துரையிடம் சிலது சொன்னார். கோபமாகவும் இல்லை, சிரிப்பாகவும் இல்லை. துரை அப்பாவின் தோளைப் பார்த்தார். நாற்காலியிலிருந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"நிமிருடா" என்றார் அப்பா. எத்தனையோ தடவை சொன்னவர்தான். அன்றைக்கு அதை வேறு மாதிரிச் சொன்னார்.

அதற்கப்புறம் பலகையை எடுத்துவிட்டுப் பாயைப் போட்டார்.

அடுத்த ரயிலுக்கு ஆள் கூப்பிட்டபோது நாங்கள் லயத்து வாசலில் நின்று கேட்டோம். எங்கள் வீட்டைக் கூப்பிடவில்லை. அம்மா உள்ளே போய் அடுப்பை ஊதினாள். மழைக்காலம் முடிந்து எனக்கு வேலைக்குப் பேர் போட்டார்கள், பள்ளிக்கூடம் அதோடு சரி.

இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வருகிறது. எதற்காக அன்றைக்கு அவ்வளவு பெரிய சண்டை? அந்த வாளியை என் தோளிலும் வைக்க விடு என்றுதான். அப்பாவை வளைத்த அதே வாளி. வேறு எதைக் கேட்பது என்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் போ என்று சொன்னவர்களிடம் போக மாட்டோம் என்று சொன்னோம். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. முதுகைப் பார்த்து ஆளை எடை போடுகிறவன் யாராக இருந்தாலும் இன்றைக்கும் அவனுக்கு அதே பதில்தான்.

முதல் நாள் அம்மா பழைய சேலைத் துண்டை மடித்து என் வலது தோளில் வைத்தாள். அதன்மேல் கம்பு, கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி. எழுந்தேன். மற்ற பையன்களுக்கு முதல் நாள் கம்பு சறுக்கிச் சறுக்கிக் கையில் வரும், பாதிப் பால் பாதையில் போகும். எனக்கு அந்த உயர்ந்த தோளில் கம்பு ஆப்பு வைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

கங்காணி பாதையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா, சறுக்கலியா?"

அம்மா புல் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து நிமிராமலே சொன்னாள். "எதுக்குச் சறுக்கணும் கங்காணி ஐயா? அவனுக்குச் சாமி தோள்ல மேடு கட்டி அனுப்பியிருக்கு. உங்க தோளு நேராத்தான் இருக்கு, ஒரு நாளு நீங்களும் வச்சுப் பாருங்களேன்."

புல் வெட்டுகிற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பால் ஸ்டோர் வரைக்கும் நடந்தேன். தோல் உரிந்துவிட்டது, வழியெல்லாம் எரிந்தது. ஆனால் ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.